ஆளே இல்லாத வீடு

கதவில் பூட்டு இல்லை. பூட்டு மாட்டுகிற வளையம்கூட இல்லை. ஒரு கயிற்றுத் துண்டை ஆணியில் சுற்றி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி வாங்கித் தர்றேன்னு சொன்னானே, அந்தக் கூமுட்டை!" என்று தல்கத் திரும்பிப் பார்த்தான்.

கூமுட்டை என்று பேர் வாங்கிய டிரைவர் கோசாய் அங்கே இல்லை. அவனுடைய ஜீப் மங்கிஸ்தாவ் பாலைவனத்தின் பாதியைத் தூசியாகக் கிளப்பிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் சாப்பாட்டுப் பெட்டியும் போய்க்கொண்டிருந்தது.

"பெட்டி! டேய், பெட்டி!"

"நிக்க மாட்டான்," என்றாள் அவன் மனைவி ஷோல்பான். "ஆக்தாவ் டவுன்லேர்ந்து இங்க வரைக்கும் அவனை என்ன பாடு படுத்தினீங்க. வளைவுல திரும்பினா ஏன் திரும்பினேன்னு, திரும்பலைன்னா ஏன் திரும்பலைன்னு. இங்க வந்து நிறுத்திட்டு அவன் வாயைத் திறந்தான், 'பேசாதே, இறக்கு'ன்னு நீங்களே பையைத் தூக்கி வெளிய எறிஞ்சீங்க. உசுரு பிழைச்சாப் போதும்னு ஓடுறான்."

"அது கணக்குல வராது. வாசல்ல கால் வச்சதுக்கு அப்புறம்தான் கணக்கு ஆரம்பம். நீயே ஒத்துக்கிட்டே."

ஷோல்பான் ஒத்துக்கொண்டது உண்மைதான். விஷயம் இதுதான். தல்கத்துக்கு அல்மாத்தி நகரத்தில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. லிஃப்ட் ஓடுகிற அந்த நீளக் குழிக்குள் தலையை விட்டு, ஒன்பதாவது மாடியில் இருக்கிற ஆளைக் கீழேயிருந்து கத்திக் கத்தியே அவனுடைய குரல் அப்படி ஆகிவிட்டது. குரல் அப்படி ஆனதும் குணமும் அதன் பின்னாலேயே போய்விட்டது. பால்காரி, வங்கிக் காவலாளி, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி என்று எது முன்னால் வந்தாலும் கத்தல்தான். போன மாதம் அண்ணன் மகள் கல்யாணத்தில், நிகழ்ச்சி நடத்தியவன் இவன் பேரைத் தப்பாகச் சொல்லிவிட்டான் என்று மைக்கைப் பிடுங்கி அதிலேயே கத்தினான். மாப்பிள்ளையின் அப்பா காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

அன்றைக்குத்தான் ஷோல்பான் சொன்னாள்: "இருபத்தாறு வருஷம் கேட்டாச்சு. இனிமே என் காதுல இடமில்ல. அஞ்சு நாள் தர்றேன். அஞ்சு நாள் ஒரு மனுஷன் மேலயும் கத்தாம இருந்து காட்டுங்க. ஒரு தடவை கத்தினாலும் நான் ஷிம்கென்ட்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அதுக்கப்புறம் லிஃப்டோட குடும்பம் நடத்துங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது தல்கத்துக்குத் தெரிந்தது. பயந்துவிட்டான். பயந்த பிறகு யோசித்தான். மனுஷனே இல்லாத இடத்துக்குப் போய்விட்டால் யார்மேல் கத்துவது? உடனே ஓர் ஏஜென்டைப் பிடித்து, பாலைவனத்தின் நடுவில் ஒரு விடுமுறை வீட்டை வாடகைக்கு எடுத்தான். கரண்டு கம்பி கிடையாது, சூரிய ஒளி மின்சாரம். போன் எடுக்காது. கண்ணுக்கெட்டின தூரம் ஒரு குஞ்சு இருக்காது. படத்தில் கண்ணாடி ஜன்னலும், ஜன்னலுக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு குளியல் தொட்டியும் இருந்தன. அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் ஷோல்பானும் வரச் சம்மதித்தாள்.

"பக்கத்துல ஒரு பெரியவர் இருக்கார். வீட்டை அவர்தான் பார்த்துக்கறார். எது வேணும்னாலும் அவர்கிட்ட சொல்லுங்க" என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான்.

தல்கத் கயிற்றை அவிழ்த்துக் கதவைத் தள்ளினான்.

ஒரே அறை. தரையெல்லாம் கம்பளம். நடுவில் இரும்பு அடுப்பு. மூலையில் மெத்தைகளும் கனத்த ரஜாய்ப் போர்வைகளும் கூரையைத் தொடுகிற மாதிரி அடுக்கியிருந்தன. ஜன்னல், முகம் பார்க்கிற கண்ணாடி அளவுக்கு இருந்தது.

"தொட்டி எங்க?" என்றாள் ஷோல்பான்.

தல்கத் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தான். அடுப்புக்குப் பின்னால் பார்த்தான். குளியல் தொட்டி ஒளிந்துகொள்கிற பொருளா என்ன? இல்லவே இல்லை.

"ஏமாத்திட்டான்! வேற எவன் வீட்டுப் படத்தையோ போட்டு ஏமாத்திட்டான்!"

"கத்தாதீங்க."

"மனுஷன் மேலயா கத்துறேன்? சுவத்தைப் பார்த்துக் கத்துறேன்!"

சுவரில் குல்லா போட்ட ஒரு கிழவரின் கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. பக்கத்தில் மெடல்கள் குத்திய ஒரு பழைய கோட்டு.

"பாரு, யாரோட தாத்தாவையோ கொண்டுவந்து மாட்டி வச்சிருக்கான். கிராமத்து வீடு மாதிரி இருக்கணுமாம். வெளிநாட்டுக்காரன் வாயைப் பிளப்பான்னு இந்த வேஷம். குளிக்கத் தொட்டி கிடையாது, தாத்தா மட்டும் உண்டு!"

ஷோல்பான் அடுப்பின் மேல் இருந்த கெட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். "சுடுதுங்க."

"வரவேற்பாம். இதுக்கு மட்டும் குறைச்சலில்ல."

வெளியே ஒரு பெரிய நாய் வந்து வாசலில் உட்கார்ந்து, அவர்களை மேலும் கீழும் பார்த்தது. தல்கத் அதை ஒரு விறகுக் கட்டையால் விரட்டினான். அது குரைக்கவில்லை, கோபித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்து போனது.

வீட்டின் பின்னால் ஒரு தகரப் பீப்பாய் நிறையத் தண்ணீர் இருந்தது. தொட்டி இல்லாத ஆத்திரத்தில் தல்கத் அங்கேயே சட்டையைக் கழற்றினான். மக் மக்காக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். தூசி போகிறவரைக்கும் ஊற்றினான், கோபம் போகிறவரைக்கும் ஊற்றினான். தூசி போய்விட்டது. கோபம் போவதற்குள் பீப்பாயின் அடி தெரிந்தது.

அவன் இடுப்பில் துண்டோடு நிற்கும்போதுதான் அவர்கள் வந்தார்கள். மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர், வண்டியின் பக்கவாட்டில் மாட்டிய உட்காரும் பெட்டியில் வெள்ளைத் தலைத்துணி கட்டிய ஓர் அம்மா, முன்னால் அந்த நாய். பின்னால் பத்துப் பன்னிரண்டு ஒட்டகம்.

பெரியவர் இறங்கினார். துண்டைப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்து சலாம் சொன்னார்.

"வாங்க தம்பி. வழியெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

"வழியைப் பத்திக் கேக்காதீங்க. உங்க பேரு?"

"ஒதெகென். இது கனிபா, என் வீட்டுக்காரி."

காவல்காரக் கிழவர் இவர்தான் என்று தல்கத் முடிவு கட்டிவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தரையோடு தரையாக வைத்துப் பேசினான். "பெரியவரே, இந்தப் பீப்பாய்ல தண்ணி இல்ல."

"ஆமா தம்பி. இப்ப இல்ல."

"ரொப்பி வையுங்க. அந்தப் பையை உள்ள கொண்டுபோய் வையுங்க. கம்பளத்தையெல்லாம் வெளிய எடுத்து உதறணும், எனக்குத் தூசி ஒத்துக்காது. அப்புறம், நாங்க இங்க அஞ்சு நாள் இருக்கப்போறோம்."

கனிபா கணவனைப் பார்த்தாள். ஒதெகென் அவளைப் பார்க்கவில்லை.

"தாராளமா இருங்க," என்றார். பையைத் தூக்கி உள்ளே வைத்தார். பீப்பாயை ஒரு சின்ன வண்டியில் ஏற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனார். கனிபா கம்பளங்களை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே உதறினாள்.

"பார்த்தியா?" என்றான் தல்கத் பெருமையாக. "ஒரு வார்த்தை கத்தல."

"அவங்க காவல்காரங்க மாதிரி தெரியலீங்க."

"பின்ன என்ன, கான் ராஜா பரம்பரையா?"

கிழவனும் கிழவியும் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தான். போகவில்லை. வாசலுக்கு எதிரே இருந்த ஒரு கூடாரத்துக்குள் இரண்டு ரஜாயைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டார்கள். அதாவது, ஒரு குஞ்சுகூட இல்லாத பாலைவனத்தில், தல்கத் கதவைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு மனுஷர், ஒரு நாய், ஒரு மந்தை ஒட்டகம். அல்மாத்தியில் அவனுடைய மாடியில்கூட இவ்வளவு கூட்டம் கிடையாது.

காலையில் கனிபா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். அவன் கால்மாட்டில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி வந்து உப்பு எடுத்தாள். மறுபடி வந்து சீப்பு எடுத்தாள்.

"இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்று தல்கத் தலையணைக்குள் வாயை வைத்துக் கத்தினான். தலையணை மனுஷன் இல்லை.

இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று, அவள் வெளியே போனதும் அந்தக் கயிற்றால் கதவை உள்ளேயிருந்து கட்டிவிட்டான். நல்ல யோசனைதான். ஆனால் ஒட்டகக் குட்டிகளைக் கட்டுகிற கயிறும் அதுதான். கயிறு இல்லாததால் குட்டிகள் தாய்களிடம் ஓடிப் பாலையெல்லாம் குடித்துவிட்டன. கறக்கப் பால் இல்லை. கனிபா காலி வாளியோடு கதவுக்கு வெளியே நின்றாள்.

"கண்ணு," என்று ஷோல்பானை மெதுவாகக் கூப்பிட்டாள். "தூங்கட்டும், எழுப்பாதே. தம்பி முழிச்சப்புறம் அந்தக் கயிறு வேணும்னு சொல்லு, போதும்."

ஷோல்பான் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, கணவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ன? கத்தினேனா?"

"கத்தல. அதைவிட மோசமா பண்ணீங்க."

பால் இல்லாததால் தேநீருக்குப் பால் இல்லை. சாப்பாட்டுப் பெட்டி கோசாயோடு போய்விட்டதால் வேறெதுவும் இல்லை. தல்கத் வெறும் டீயும் காய்ந்த தயிர் உருண்டையுமாக மத்தியானத்தை ஓட்டினான். பசியில் கோபம் இன்னும் ஏறியது. ஒட்டகம் கனைத்தால் கோபம். கிழவர் இருமினால் கோபம். கிழவர் இருமாமல் இருந்தால், ஏன் இருமவில்லை, எதை ஒளிக்கிறார் என்று கோபம். அதையெல்லாம் விழுங்கி விழுங்கி வயிறு உப்பிப்போய் உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் நாள் இப்படியே போனது. ஷோல்பான் கனிபாவோடு போய் ஒட்டகம் கறக்கப் பழகிக்கொண்டாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவளைச் சிரிக்க வைக்க அவன் எவ்வளவு செலவு செய்து இங்கே கூட்டிவந்தான்! சிரிப்பு அவனுக்கில்லை, ஒட்டகத்துக்காம்.

மூன்றாம் நாள் காலையில் ஒதெகென் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. நீங்க போய் உட்காருங்க."

ஓர் ஆட்டை அறுத்தார்கள். கனிபா உள்ளே வந்து இரும்பு அடுப்பை மூட்டினாள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், இருக்கிற ஒரே அறையில் பெரிய அண்டாவை ஏற்றிக் கறி கொதிக்க வைத்தாள். அறை முழுக்கப் புகை. தல்கத் வியர்வையில் நனைந்து, மூலையில் சுருண்டு, ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தான். வெளியேயிருந்து ஓர் ஒட்டகம் அந்த மூக்கை முகர்ந்து பார்த்தது.

மத்தியானம் தாம்பாளம் வந்தது. அகலமான மாவுத் துண்டுகள், மேலே கறி, ஆவி பறந்தது. ஒதெகென் தல்கத்தைக் கதவுக்கு நேர் எதிரே, நல்ல இடத்தில் உட்கார வைத்தார். கைகழுவத் தண்ணீர் ஊற்றினார். பிறகு இரண்டு கையாலும் ஆட்டுத் தலையை எடுத்து, அதன் முகம் தல்கத்தைப் பார்க்கிற மாதிரி அவன் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்குங்க தம்பி. எங்களால முடிஞ்சது."

தலை விருந்தாளிக்கு வைப்பது. அல்மாத்தியில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தாலும் இது தல்கத்துக்குத் தெரியாதா? அவன் எடுத்த வீட்டில், அவன் அடுப்பில், அவன் தட்டில், ஒரு காவல்காரக் கிழவர் அவனையே விருந்தாளியாக உட்கார வைத்துத் தலை வைக்கிறார்! அப்படியென்றால் வீட்டுக்காரன் யார்?

மூன்று நாள் விழுங்கியதெல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது.

"யார் வீட்டுல யார் யாருக்குத் தலை வைக்கறது!"

ஒன்பது மாடி ஏறுகிற குரல் அது. வெளியே படுத்திருந்த ஒட்டகங்கள் எழுந்து நின்றன. தாத்தா படம் ஆணியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஆளே இல்லாத இடம் வேணும்னு வந்தேன்! தட்டாம வர்றீங்க, தட்டாம போறீங்க! வாளி எடுக்கறீங்க, சீப்பு எடுக்கறீங்க! வெயில்ல அடுப்பை மூட்டி என்னையும் சேர்த்து வேக வைக்கறீங்க! இந்த வீட்டுல நான் இருக்கறவரைக்கும் உங்க நிழல்கூட இங்க விழக் கூடாது! வெளிய போங்க, ரெண்டு பேரும்!"

கனிபாவின் வாய் திறந்தது. "தம்பி, இது..."

"கனிபா," என்றார் ஒதெகென். அவ்வளவுதான் சொன்னார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பெரியவர் எழுந்தார். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, "இந்தக் கூரைக்குக் கீழ இருக்கிறவங்க நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தி, கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார். குல்லாவை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். கனிபா போகிற வழியில், சாய்ந்திருந்த தாத்தா படத்தை நேராக்கிவிட்டுப் போனாள்.

ஷோல்பானும் எழுந்தாள். தன் பையை எடுத்தாள். தன்னுடையதை மட்டும்.

"நீ எங்க போறே?"

"கணக்கு முடிஞ்சுது. மூணு நாள்கூட ஒழுங்காத் தாங்கல."

"சுத்தி பாலைவனம்டீ! எங்க போவே?"

"மனுஷங்க இருக்கிற இடத்துக்கு." வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "ஐயா, வண்டில இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கா?"

இருந்தது. கனிபா பின்னால் ஏறிக்கொண்டாள், ஷோல்பான் பக்கத்துப் பெட்டியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாய் முன்னால் ஓடியது. மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

"போங்க!" என்று தல்கத் கத்தினான். "எல்லாரும் போங்க!"

கடைசியில் அவன் கேட்டது கிடைத்துவிட்டது. ஆளே இல்லாத பாலைவனம்.

முதல் ஒரு மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. கால் நீட்டி உட்கார்ந்து கறியை ஒரு கை பார்த்தான். சாயங்காலம் ஒட்டகங்கள் கறக்கச் சொல்லி வாசலில் வந்து நின்றன. விரட்டினான். போகவில்லை. கறந்து பார்க்கலாம் என்று வாளியோடு உட்கார்ந்தான். ஒட்டகம் அவனைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தது. பிறகு அவன் முகத்தில், பச்சையாக, துல்லியமாகத் துப்பியது.

கழுவத் தண்ணீர் எடுக்கப் பீப்பாயைத் திறந்தான். மறுபடியும் காலி. இரண்டு நாளும் மத்தியானத்தில் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டவன் அவன்தான். கிணற்றுக்கு நடந்து போய், வாளியை இறக்கி, கை எரிய எரிய இழுத்தான். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதி சிந்திவிட்டது. இதைத்தான் அந்தக் கிழவர் தினமும் வண்டி கட்டிக்கொண்டு போய்ச் செய்தார். முகம் சுளித்ததில்லை.

அடுத்த நாள் எல்லாக் கோபத்தையும் சேர்த்து ஒரு தடவை கத்திப் பார்த்தான். லிஃப்ட் குழியில் கத்தினால் குரல் திரும்பி வரும், மேலேயிருந்து எவனாவது பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்வான். இங்கே ஒன்றும் திரும்பி வரவில்லை. பாலைவனம் அவன் கத்தலை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

அப்போதுதான் பயம் பிடித்தது. ஷோல்பான் உண்மையாகவே போய்விடுவாள். ஷிம்கென்டில் தங்கச்சி வீட்டு பால்கனியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். அல்மாத்தி வீட்டில் அவன் கத்தினால் அந்தச் சுவரும் இப்படித்தான் சும்மா இருக்கும்.

மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானித்தான். பழக்கமில்லாத வேலை, ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. கேட்க வேறு ஆளில்லாததால் ஆட்டுத் தலையின் முன்னால் உட்கார்ந்தான்.

"ஷோல்பான், நான் செஞ்சது தப்புதான். ஆனா நீ..."

'ஆனா' வந்ததும் குரல் ஏறிவிட்டது. மறுபடி ஆரம்பித்தான். மறுபடி 'ஆனா'வில் மாட்டிக்கொண்டான். ஆட்டுத் தலை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்பதுதான் மிச்சம். பசி வரும்போது அதில் கொஞ்சம் கிள்ளித் தின்றான், பிறகு ஒத்திகையைத் தொடர்ந்தான். கேட்கிறவரையே தின்றுகொண்டு மன்னிப்புக் கேட்டவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஐந்தாம் நாள் தூசி தெரிந்தது. ஜீப். கோசாய் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, அடி விழுமோ என்று கதவைப் பாதி திறந்தபடி தலையை நீட்டினான்.

"அண்ணே... நீங்க ஏன் இன்னும் இங்கயே இருக்கீங்க?"

"இங்க இல்லாம? நீ இறக்கிவிட்ட இடம்தானே!"

"நான் எங்கண்ணே இறக்கினேன்? சாவி வாங்கத்தான் நிறுத்தினேன். உங்க வீட்டுச் சாவி ஒதெகென் ஐயாகிட்டதானே இருக்கும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், 'பேசாதே'ன்னு பையைத் தூக்கி எறிஞ்சீங்க. சரி, ஐயா வந்ததும் கேட்டு வாங்கிட்டு மேட்டைத் தாண்டி நடந்து போயிடுவீங்கன்னு நினைச்சேன்."

"அப்ப இது?"

"இது ஒதெகென் ஐயா வீடுண்ணே. அவங்க அப்பா கட்டினது. உள்ள படம்கூட மாட்டியிருக்குமே."

தல்கத் திரும்பி வீட்டைப் பார்த்தான். கயிறு, வாளி, சீப்பு, பீப்பாய், தாத்தா. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மனுஷனை அவர் வீட்டுக்குள்ளேயே பை தூக்க வைத்து, அவர் கம்பளத்தை அவர் மனைவியையே உதற வைத்து, அவர் அறுத்த ஆட்டைத் தின்றுவிட்டு, அவரை அவர் வீட்டைவிட்டே துரத்தியிருக்கிறான். வெட்கம் உள்ளங்காலிலிருந்து காது வரைக்கும் ஏறியது.

மேட்டின் மேல் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மூன்று பேரும் வந்தார்கள். தல்கத் எழுந்து ஒதெகென் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, நான் செஞ்சது தப்பு."

கொஞ்ச நேரம் காத்திருந்தான். 'ஆனா' வரவில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஏன் ஐயா ஒரு வார்த்தை சொல்லல? 'இது என் வீடு, எழுந்து போடா'ன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே?"

ஒதெகென் குல்லாவைச் சரிசெய்துகொண்டார். "வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தவங்களை நீ யாரு, ஏன் வந்தேன்னு எப்படித் தம்பி கேக்கறது? அது துரத்தற மாதிரி ஆயிடாதா? நீங்களா சொல்ற வரைக்கும் காத்திருக்கலாம்னு இருந்தேன்."

"நான் உங்களைக் கத்தி வெளிய அனுப்பினேனே!"

"விருந்தாளி கோபப்பட்டா, கறியில உப்பு கம்மின்னு நினைச்சுக்குவோம். கனிபாகிட்ட சொன்னேன், அடுத்த தடவை கூடப் போடுன்னு."

தல்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. ஷோல்பான் பக்கம் திரும்பினான். மெதுவாக, பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரலில், அதையே அவளிடமும் சொன்னான். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னான். அப்போதும் 'ஆனா' வரவில்லை. ஷோல்பான் தன் பையைக் கொண்டுபோய் அவனுடைய பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஷிம்கென்ட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தல்கத்துக்கு மூச்சு வந்தது.

மூச்சு வந்த பிறகுதான் கவனித்தான். பாலைவனத்தில் இரண்டு நாள் வீடில்லாமல் அலைந்தவள் முகத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கன்னம் சிவந்திருந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கனிபாமேலும் சோப்பு வாசனை வீசியது.

"அம்மா," என்றான் தயக்கமாக. "நான் துரத்தினதுக்கப்புறம் வெயில்ல எங்க கிடந்தீங்களோ, என்ன பாடு பட்டீங்களோ..."

கனிபா இடுப்பிலிருந்து ஒரு பளபளப்பான சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"எங்களுக்கென்ன பாடு தம்பி? யாரோ பட்டணத்துக்காரர் பணம் கட்டிட்டு வராமப் போன வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்துச்சு, அந்த வெள்ளைத் தொட்டியிலேர்ந்து உங்க வீட்டம்மாவைக் கிளப்பத்தான் இவ்வளவு நேரம் ஆயிடுச்சு."